மயிலின் போர்வையும் எலியின் படுக்கையும்

நெகிரி செம்பிலானின் தோட்டப்புறங்களில் எலி என்னும் சொல் நெடுங்காலம் பகையையே குறித்து வந்தது. சிரம்பானைச் சுற்றியும் ரந்தாவ், லிங்கி, லாபு, பகாவ் வட்டாரங்களிலும் பரந்திருந்த பால்மரக் காடுகள், அதாவது ரப்பர்த் தோட்டங்கள், 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரும்பாலும் செம்பனைக்கு மாறியபோது, பழுத்த குலைகளைக் கொறித்து வாழும் எலிக்கு ஆண்டு முழுவதும் அறுவடைக்காலம் ஆயிற்று. அதன் பெருக்கத்தைக் கட்டுப்படுத்த நிர்வாகங்கள் மெழுகோடு கலந்த எலி மருந்தை மரத்தடிதோறும் வைத்தன. பின்னர்க் கூகைகள் குடியேறுவதற்கென்றே கம்பங்களின் மேல் மரப்பெட்டிகளைப் பொருத்தி, அவற்றின் வேட்டையைத் தோட்டத்துக் கணக்கில் ஒரு வேலையாகச் சேர்த்துக்கொண்டன. அதே தோட்டங்களின் பிள்ளையார் சந்நிதிகளில் மூஞ்சூறு வாகனமாக நின்று பொட்டும் பூவும் பெற்று வந்தது. தோட்டத்தில் நஞ்சும் சந்நிதியில் வணக்கமும் என்ற இவ்விரு உறவுகளுக்கு இடையில், தோட்டத்து லயங்களை, அதாவது வரிசை வீடுகளை, விட்டுத் தாமான் எனப்படும் புதிய குடியிருப்புகளுக்குப் பெயர்ந்த தலைமுறையில் மூன்றாவதாக ஓர் உறவும் தோன்றியுள்ளது. எலியின் உறவினமான ஹாம்ஸ்டர் கடையில் விலைக்கு வாங்கப்பட்டு, பெயர் சூட்டப்பட்டு, வீட்டுக்குள் கூண்டில் வளர்கிறது.

அந்தக் கூண்டின் தரையில் எதைப் பரப்புவது என்பது கடைக்காரரிடம் கேட்டு முடித்துவிடக்கூடிய சிறு கேள்வியாகத் தோன்றும். ஆயினும் அன்பு செலுத்துபவர் தம் அன்பின் விளைவுக்கு எந்த அளவு பொறுப்பாளி, பிற உயிரின் துன்பத்தைத் தன் துன்பம்போல் கருதுவது என்றால் சரியாக எதைச் செய்வது என்ற பழைய அறநூல் வினாக்கள் இந்தச் சிறு கேள்விக்குள் முழுமையாக அடங்கியுள்ளன. கோழிப்பண்ணைத் தமிழில், தரையில் பரப்பும் உமி, மரத்தூள் முதலியவற்றைக் கூளம் என்றும், அதைத் தடித்த அடுக்காக இடுவதை ஆழ்கூளம் என்றும் வழங்குவர். ஹாம்ஸ்டரின் படுக்கைக்கும் அந்தச் சொல்லே பொருந்தும். ஏனெனில் அது படுப்பதற்கு மட்டும் உரிய விரிப்பன்று, தோண்டவும் ஒளியவும் உணவைப் புதைத்து வைக்கவும் உரிய நிலமும் ஆகும்.

அந்நிலம் முதலில் எங்கே இருந்தது என்பதை அறியாமல் கூளத்தைப் பற்றிப் பேச முடியாது. வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்படும் பொன்னிற ஹாம்ஸ்டர், சிரியாவின் அலெப்போ நகரை ஒட்டிய வறண்ட சமவெளிக்கு உரியது. அதனை 1839இல் வாட்டர்ஹவுஸ் என்னும் விலங்கியலாளர் முதன்முதலில் நூல்முறையாக விவரித்தார். 1930இல் இசுரேல் அஹரோனி என்பவர் அலெப்போவுக்கு அருகே ஒரு வளையைத் தோண்டித் தாயையும் குட்டிகளையும் எடுத்து, குட்டிகளை எருசலேமுக்குக் கொண்டு சென்றார். இந்தியாவையும் வாட்டிய காலா அசார் எனப்படும் கருங்காய்ச்சலை ஆராய்ந்த சால் ஆட்லர் என்ற மருத்துவ அறிஞருக்கு ஆய்வு விலங்கு தேவைப்பட்டதே அந்தத் தேடலுக்குக் காரணம். இன்று உலகெங்கும் கூண்டுகளில் உள்ள பொன்னிற ஹாம்ஸ்டர்களில் மிகப் பெரும்பாலானவை அந்த ஒரே வளையின் வழித்தோன்றல்கள். பிற்காலத்தில் அதே வட்டாரத்தில் களஆய்வு செய்தவர்கள் வளைகளை அளந்தபோது அவை 36 முதல் 106 சென்டிமீட்டர் வரை ஆழம் கொண்டிருந்தன. வளர்ந்த விலங்குகள் வளைக்கு ஒன்றாகத் தனித்தே வாழ்ந்தன. ஆக, நெகிரி செம்பிலானின் ஈரக்காற்றில் நான்கு விரல் அளவு மரத்தூளின்மேல் அமர்ந்திருக்கும் விலங்கு, முழங்கால் முதல் இடுப்பு வரை எட்டும் ஆழத்தில் உலர்ந்த மண்ணுக்குள் தனியே உறங்கப் பிறந்த இனத்தைச் சேர்ந்தது.

தமிழ் மரபில் விலங்குக்குப் படுக்கையோ போர்வையோ கொடுத்த கதை என்றால் நினைவுக்கு வருபவன் பேகன். பொதினி என்று வழங்கிய இன்றைய பழனி மலைப்பகுதியை ஆண்ட ஆவியர் குடித் தலைவனாகிய அவன், மயிலுக்குத் தன் போர்வையை அளித்தான். குளிரால் நடுங்குவதாக எண்ணி மனமிரங்கினான் என்று மக்கள் வழக்கு காரணம் சொல்கிறது. பரணர் பாடிய புறநானூற்று 141ஆம் பாடலோ இன்னும் நுட்பமாகச் சென்று, மயில் அதை உடுத்தப்போவதுமில்லை போர்த்தப்போவதுமில்லை என்பதை அறிந்தே அவன் கொடுத்தான் என்கிறது. அடுத்த பாடலில் பரணர் இதற்குக் கொடைமடம் என்று பெயரிடுகிறார். கொடுக்கும்போது பெறுபவரின் தகுதியையும் பொருளின் பயனையும் எண்ணாமல் வழங்கும் இயல்பு என்பது அதன் பொருள். அதைக் குறையாகச் சொல்லாமல் புகழாகவே அவர் சொன்னார் என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். கொடுப்பவனின் நெஞ்சை அளக்கும் கோலாக அந்தப் புகழ் முற்றிலும் நியாயமானது.

ஆனால் பேகனின் மயிலால் போர்வையை உதறிவிட்டு மலைச்சாரலுக்குத் திரும்பிப் போக முடிந்தது. கூண்டிலிருக்கும் விலங்குக்கு அந்த வழி இல்லை; தன்மேல் சுமத்தப்பட்ட கொடையை இரவும் பகலும் மிதிக்கவும் முகரவும் கன்னப்பையில் அடக்கவும் அது கட்டாயப்பட்டுள்ளது. காட்டு மயிலிடம் அழகாக இருந்த கொடைமடம் சிறைப்பட்ட உயிரிடம் தீங்காக மாறுவது இந்த இடத்தில்தான்.

நறுமணம் ஊட்டப்பட்ட மரச்சீவல் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. எலுமிச்சை மணமும் மலர் மணமும் ஏற்றிய சீவல் பொட்டலங்கள் வாங்குபவரின் மூக்குக்காகச் செய்யப்பட்டவை. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அவற்றின் அறிவுப் புலன்களால் வகுக்கும்போது, தொடுதலை முதலாகவும், சுவையை இரண்டாவதாகவும், முகர்தலை மூன்றாவதாகவும் வைத்து, காட்சி, கேள்வி ஆகியவற்றைக் கடந்து மனத்தை ஆறாவதாக நிறுத்துகிறது. விலங்குகள் ஐயறிவு உடையவை. ஐந்து புலன்களும் ஒரு விலங்குக்கு உண்டு என்பதால் ஐந்தும் ஒரே அளவில் அதற்குப் பயன்படுகின்றன என்று ஆகாது. கண்பார்வை மங்கலான, இருளில் நடமாடும் ஹாம்ஸ்டருக்கு முகர்தலே உலகத்தின் பெரும்பகுதி. பொன்னிற ஹாம்ஸ்டரின் இரு விலாக்களிலும் மணச்சுரப்பிகள் உள்ளன, அவற்றைத் தேய்த்தே தன் இடத்துக்கு அது எல்லை வகுக்கிறது. செயற்கை மணத்தை அதன் கூண்டில் நிரப்புவது, ஓயாமல் முழங்கும் ஒலிபெருக்கிக்கு அடியில் மனிதனைக் குடிவைப்பதை ஒக்கும்.

மரத்தின் சொந்த மணத்திலும் ஆபத்து உண்டு. 1967இல் எலியட் வெசல் என்ற மருந்தியல் அறிஞர், செந்நிற சீடார் மரம், பைன் மரம் ஆகியவற்றின் சீவலில் வளர்ந்த சுண்டெலிகளிலும் எலிகளிலும் மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகள் இயல்புக்கு மேல் தூண்டப்படுவதைக் கண்டறிந்து வெளியிட்டார். அதாவது, ஆவியாகி மூச்சில் கலக்கும் மரச்சாறுகளை நஞ்சாகக் கருதி அந்த உடல்கள் இடைவிடாமல் சுத்திகரித்துக்கொண்டிருந்தன. மேலைச் செஞ்சீடார் மரத்தூளில் உள்ள பிளிகாட்டிக் அமிலம் மர அறுவை ஆலைத் தொழிலாளர்களுக்கு ஈளைநோய் உண்டாக்குவதும் உறுதிப்பட்ட செய்தியே. வெசலின் ஆய்வு ஹாம்ஸ்டரில் நடத்தப்பட்டதன்று என்ற மறுப்பு உண்மையானது. ஆனால் சந்தேகத்தின் பலனைப் பொருளுக்குத் தருவதா உயிருக்குத் தருவதா என்று வரும்போது, அறநூல்களின் சாய்வு எப்பக்கம் என்பதில் ஐயமில்லை. சூளையில் நன்கு உலர்த்தப்பட்ட பைன் சீவலில் ஆவிப்பொருள் குறைந்துவிடுகிறது. சீடார் சீவலை எந்நிலையிலும் தவிர்ப்பதே தகும்.

நெகிரி செம்பிலானில் வாழ்பவருக்கு உடனே தோன்றும் மாற்று, பால்மரக் கட்டையின் சீவல். பாட்டன் பாட்டி பால் சுமக்கும் காண்டா வாளியோடு விடியற்காலையில் நடந்த நிரையின் மரம், 25 முதல் 30 ஆண்டு வயதில் பால் தந்து ஓய்ந்தபின் வெட்டப்பட்டு மேசை நாற்காலிகளாகிறது. பைனைப்போல் பிசின் மணம் இல்லாத வன்மரம் அது. தச்சுப்பட்டறையில் அதன் சீவல் எளிதில் கிடைக்கும். சொந்த மண்ணின் மரம், இயற்கையானது, ஆகவே தீங்கற்றது என்று மனம் எளிதாக முடிவு கட்டிவிடும். ஆனால் மாவுச்சத்து மிகுந்த அக்கட்டையைப் பூசணமும் துளைவண்டும் விரைவில் பற்றுவதால், அறுத்த சில நாட்களுக்குள் வெண்காரமும் போரிக் அமிலமும் சேர்ந்த கரைசலை அழுத்தத்தால் அதற்குள் செலுத்தியே உலர்த்துகிறார்கள். பட்டறையில் இழைக்கப்படும்போது விழும் சீவல் இந்த மருந்தேறிய மரத்தினுடையது. மிகுந்த அளவில் போரிக் அமிலம் எலியினத்தின் ஆண்மை உறுப்பைச் சிதைப்பது ஆய்வகங்களில் காணப்பட்டுள்ளது. அதே பட்டறைத் தரையில் நார்ப்பலகையின் தூளும், அதைப் பிணைக்கும் யூரியா பார்மால்டிஹைடு பிசினும் கலந்திருக்கும். மருந்தேற்றாத மரத்தின் சீவல் என்று உறுதியாகத் தெரிந்தாலொழிய அதை உயிருள்ள ஒன்றின் வீட்டுக்குள் கொண்டுவருவது முறையாகாது. மரத்தின்மேல் கொண்ட பற்று, மரத்துக்கு நேர்ந்ததை அறிவதற்கு ஈடாகாது.

பஞ்சின் கதையும் இத்தகையதே. தாய்மையின் நினைவோடு ஒட்டிய பொருள் பஞ்சு. மெத்தை, தலையணை, பிறந்த குழந்தைக்கு இடும் துணி யாவும் அதுவே. ஹாம்ஸ்டருக்கென்று விற்கப்படும் பஞ்சுப் பொதியின் இழைகளோ மெல்லிய காலில் சுற்றி இறுகிக் குருதியோட்டத்தை நிறுத்துவதும், கன்னப்பையிலோ குடலிலோ திரண்டு அடைத்துக்கொள்வதும் உண்டு. இழையாகப் பிரியாமல் துண்டாகக் கிழியும் மணமற்ற வெள்ளைத் தாளே கூட்டுக்குப் பாதுகாப்பானது. உமியும் தென்னை நார்த்தூளும் மலிவாகக் கிடைத்தாலும், முன்னது தூசி மிகுந்தது, இரண்டும் தனித்து நின்று வளையின் வடிவத்தைத் தாங்கமாட்டா. ஈரம் பட்டால் கட்டியாகும் பூனை மணல் வயிற்றுக்குள் போனால் அங்கேயும் கட்டியாகும். மை இல்லாத மறுசுழற்சித் தாள்கூழ்க் கூளத்தோடு உலர்ந்த புல்லை அடுக்கிடையே கலந்தால், தோண்டிய சுரங்கம் சரியாமல் நிற்கும்.

இங்கேதான் வள்ளுவரின் இன்னா செய்யாமை அதிகாரம் எழுப்பும் சிக்கலைச் சந்திக்க வேண்டியுள்ளது. பிற உயிரின் நோயைத் தன் நோய்போல் போற்றாவிடில் அறிவினால் ஆவது என்ன என்று அவ்வதிகாரம் கேட்கிறது. இதை நேர்ப்பொருளில் கொண்டு, தனக்கு இனிமையானதை எலிக்கும் இனிமை என்று கொடுப்பவர், மணமூட்டிய சீவலையும் பஞ்சு மெத்தையையும்தான் கொடுப்பார். தனக்கு வெளிச்சமும் திறந்தவெளியும் பிடிக்கும் என்பதால் கூளத்தை மெல்லிதாக்கி விலங்கைக் கண்ணெதிரே வைத்துக்கொள்வார். ஆகவே தந்நோய்போல் என்னும் உவமையை நோயின் எடைக்குக் கொள்ள வேண்டும், நோயின் வகைக்குக் கொள்ளலாகாது என்பதே பொருத்தமான உரையாகத் தெரிகிறது. பிறிதின் துன்பம் தன் துன்பத்தின் அளவுக்குக் கனக்க வேண்டும். எது துன்பம் என்பதையோ அந்தப் பிறிதின் உடலைக் கேட்டே அறிய வேண்டும். குறள் அந்த இடத்தில் அறிவு என்ற சொல்லை வைத்திருப்பதன் காரணம் இவ்வாறு நோக்கும்போதே விளங்குகிறது. வள்ளலார் இராமலிங்கரும் சீவகாருணியத்தை விளக்குகையில், உயிர்களின் துன்பத்தைக் காணும்போது மட்டுமன்றிக் கேட்கும்போதும் அறியும்போதும் உள்ளம் உருகுவதை அதன் இயல்பாகச் சொன்னார். வேட்டையாடப்படும் இனத்தில் பிறந்து, வலியை வெளிக்காட்டாமல் மறைக்கப் பழகிய ஒரு விலங்கிடம் காண்பதற்கு ஏதுமில்லை. அறிதல் ஒன்றே எஞ்சிய வழி.

கூளத்தின் ஆழம் அவ்வாறு அறியப்பட வேண்டிய ஒன்று. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் நடந்து 2006இல் வெளியான ஆய்வொன்றில், பொன்னிற ஹாம்ஸ்டர்கள் 10, 40, 80 சென்டிமீட்டர் ஆழக் கூளங்களில் மூன்று குழுக்களாக வைத்து நோக்கப்பட்டன. 10 சென்டிமீட்டரில் இருந்தவை கம்பியைக் கடிப்பதும் சக்கரத்தில் ஓடுவதும் மற்றவற்றைவிட மிகுந்திருந்தது. 80 சென்டிமீட்டரில் இருந்தவற்றிடம் கம்பி கடிக்கும் செயலே காணப்படவில்லை. சிறுவர்கள் சிரித்து ரசிக்கும் சுறுசுறுப்பின் ஒரு பகுதி, தோண்ட நிலமில்லாத உயிரின் தவிப்பு என்று இதிலிருந்து கொள்ள இடமுண்டு. மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும், வளர்ப்பவரின் கடமைகளுள் ஒன்றாக, விலங்கு தன் இயல்பான நடத்தையை வெளிப்படுத்தும் தேவையைக் கருத வேண்டும் என்கிறது.

தோட்டத் தமிழரின் வரலாறு இந்த இடத்தில் குறுக்கிடுவதைத் தவிர்க்க இயலாது. மனிதரின் துயரை விலங்கின் துயரோடு சமமாக வைப்பது இங்கு நோக்கமன்று. ஆயினும் குடியிருப்பவரின் தேவையை அளக்காமல் கொடுப்பவரின் செலவை அளந்து கட்டப்பட்ட உறைவிடம் எப்படி இருக்கும் என்பதை, ஒரே கூரையின்கீழ் வரிசையாக நெருங்கிய லயத்து அறைகளில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களைவிட நன்கறிந்தவர் எவர்? தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் இருக்க வேண்டும் என்று நாட்டின் சட்டம் 1966இலும் பின்னர் விரிவாக 1990இலும் வகுத்ததற்குப் பின்னால் இருந்தது ஓர் எளிய உண்மை: உறைவிடம் தருவது ஈகையன்று, ஒருவரைத் தன் ஆளுகைக்குள் வைத்திருப்பவர் பட்ட கடன்.

மனிதர்க்கே குறையிருக்கும்போது எலிக்குப் படுக்கை தேடுவதா என்ற எதிர்ப்புக்கும் இதிலேயே விடை உள்ளது. 1867இல் வடலூரில் தருமசாலையைத் தொடங்கிய வள்ளலார் மனிதப் பசிக்கு முதலிடம் தந்தவர். அந்த வரிசையை மாற்ற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த வரிசை ஈகைக்கு உரியது. காட்டு எலிக்கு மனிதன் படுக்கை தர வேண்டியதில்லை. அது தன் வளையைத் தானே தோண்டிக்கொள்ளும். விலை கொடுத்து வாங்கி, தோண்ட முடியாத தரையில் அடைத்து வைத்த உயிருக்கோ, பறித்துக்கொண்ட மண்ணுக்கு ஈடாகக் கூளத்தைத் திருப்பித் தரவேண்டிய கடன் அதை வாங்கியவர்மேல் ஏறிவிடுகிறது. அக்கடனைச் செலுத்த இயலாதவர் வாங்காதிருப்பதே அறம். வாங்குவதே அறமா என்ற கேள்வியும் உண்டு; கூண்டிலேயே பல தலைமுறை கடந்துவிட்ட, அலெப்போவின் மண்ணுக்குத் திரும்ப முடியாத உயிர்களைப் பொறுத்தவரை, ஏற்கெனவே உள்ளவற்றைப் பேணுவதும் மேலும் மேலும் பெருக்கி விற்பதற்குத் துணைபோகாதிருப்பதும் நடைமுறையில் நிற்கக்கூடிய நிலைப்பாடாகத் தோன்றுகிறது.

அறியாமல் செய்த தீங்குக்குப் பொறுப்பு உண்டா என்பது இன்னும் எஞ்சியுள்ளது. திருமறைக்காட்டுக் கோயிலில் அணையவிருந்த விளக்கின் நெய்யை உண்ண வந்த எலியின் மூக்கு பட்டுத் திரி தூண்டப்பட, அந்த எலிக்கு மாவலி மன்னனாகும் பிறவியைச் சிவபெருமான் அருளினார் என்ற தொன்மத்தை அப்பர் தம் தேவாரத்தில் போற்றுகிறார். எலிக்குத் தொண்டு செய்யும் எண்ணமே இல்லை, விளைவு மட்டும் நன்றாயிற்று. எண்ணாமல் செய்த நன்மை கணக்கில் ஏறுமாயின், எண்ணாமல் செய்த தீமை ஏறாது என்று எப்படிச் சொல்வது? எண்ணமே வினை என்பது பௌத்தத்தின் நிலை. மஜ்ஜிம நிகாயத்தின் உபாலி சூத்திரத்தில், உடலால் செய்யும் வினையே கனமானது என்ற நிகண்டரின், அதாவது சமணரின், கொள்கைக்கு எதிராக, மனத்தால் செய்வதே கனமானது என்று புத்தர் வாதிடுகிறார். சமண நூலாகிய தத்துவார்த்த சூத்திரமோ, கவனமின்மையோடு கூடிய செயலால் உயிரைச் சிதைப்பதே இம்சை என்று வரையறுத்து, எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவில் கவனம் என்ற மூன்றாவது பொருளை நிறுத்துகிறது. மூன்றில் இதுவே கூண்டின்முன் நிற்பவருக்கு ஏற்றது. குறளில் பொச்சாவாமை என்னும் அதிகாரமும் இதையே தொடுகிறது. பொச்சாப்பு என்பது மகிழ்ச்சி மிகுதியால் கடமையில் நேரும் மறதி, அது அளவுகடந்த சினத்தைவிடத் தீயது என்று அங்கே கூறப்படுகிறது. சினந்தவன் எலிக்கு நஞ்சு வைக்கிறான். மகிழ்ந்தவன் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்க மறக்கிறான்.

இறுதியாக, தூய்மை பற்றிய கேள்வி. நாள்தோறும் வாசல் பெருக்கி நீர் தெளிக்கும் பண்பாட்டில் வளர்ந்தவருக்கு, பழைய கூளம் முழுவதையும் வாரிக் கொட்டிக் கூண்டைக் கழுவிப் புதியதை நிரப்புவது நற்செயலாகவே படும். நெகிரி செம்பிலானின் புழுக்கத்தில் ஈரத்தைக் கவனிக்க வேண்டியது உண்மையே. தாள்கூளம் நீரை உறிஞ்சிக்கொண்டு அடியில் பூசணம் பிடிக்கும், சிறுநீர் தேங்கிய மூலையில் அம்மோனியா எழுந்து மூச்சுக்குழலை அரிக்கும். ஆயினும் ஹாம்ஸ்டர் பொதுவாக ஒரே மூலையைக் கழிவுக்கு ஒதுக்கிக்கொள்வதால், நனைந்த அம்மூலையை அவ்வப்போது அள்ளினால் போதும். காய்ந்த பழைய கூளம் மனிதக் கண்ணுக்கு அழுக்கு. விலாச்சுரப்பியின் மணம் ஏறிய அது, அந்த விலங்குக்குத் தன் வீடு என்பதற்கான ஒரே அடையாளம். முற்றிலும் மாற்ற நேரும்போதும், அதில் பாதியையாவது தனியே எடுத்துவைத்துப் புதியதோடு கலந்து திரும்ப இட்டால், விளக்கணைந்த பின் வளையைவிட்டு வெளியே வரும் உயிர் முதலில் முகர்வது தன் மணமாகவே இருக்கும்.